காவிரிக் கரையிலிருந்து கொல்லிமலைக்கு: வெற்றிலையின் வேதியியல்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில், மலைச்சரிவின் மடிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியத் தொடங்கும் இடத்தில் காளப்பநாயக்கன்பட்டி அமைந்திருக்கிறது. மலைக்குப் போகும் பேருந்துகளும் மலையிலிருந்து வாழைத்தாரும் பலாவும் மிளகும் ஏற்றி இறங்கும் வண்டிகளும் கடந்து செல்லும் இந்தப் பேரூர், மிளகுக் குடும்பத்தின் இரண்டு உலகங்களுக்கு இடையில் நிற்கிறது என்று சொல்வது தாவரவியல் நோக்கில் முற்றிலும் பொருந்தும். தென்மேற்கே காவிரிக் கரையில் வெற்றிலையும், மேலே மலைமீது மிளகும் திப்பிலியும் பயிராகின்றன; இம்மூன்றும் 'பைப்பர்' என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை; மூன்றுக்கும் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் அறிவியல் பெயர் சூட்டியுள்ளார். ஒன்றில் இலையையும் மற்ற இரண்டில் காயையும் கதிரையும் மனிதன் தேர்ந்தெடுத்தது ஏன் என்ற கேள்விக்கு விடை தேடுபவர், பரமத்திவேலூரில் தொடங்கிக் காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் கொல்லிமலையிலுள்ள செம்மேடு வரை செல்லும் பாதையைப் பின்தொடர்ந்தாலே போதும்.

பரமத்திவேலூர், பொத்தனூர், பாண்டமங்கலம் ஆகிய ஊர்களின் கொடிக்கால்கள் எனப்படும் வெற்றிலைத் தோட்டங்கள், ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் இராஜா வாய்க்காலின் நீரை நம்பி வளர்ந்தவை. அகத்தியை வரிசையாக நட்டு, அது நிழல் தரும் அளவுக்கு உயர்ந்ததும் அதன் தண்டில் வெற்றிலைக் கொடியை ஏற்றிக் கட்டி, கொடி கைக்கெட்டாத உயரம் சென்றதும் அதை இறக்கி மண்ணில் பதித்து மீண்டும் மேலேற்றுவது இங்குள்ள முறை. வெளியே வெயில் சுட்டாலும் கொடிக்காலுக்குள் ஈரமும் அரைநிழலும் நிலைத்திருக்கின்றன. வெற்றிலைக்கு இவ்விரண்டும் இன்றியமையாதவை. ஆனால் அதே ஈரத்தில்தான் 'பைட்டோப்தோரா' என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரியும் செழித்து, வாடல் நோயாக வந்து ஒரு பருவத்து உழைப்பையே அழித்துவிடுகிறது. கொடியைத் தண்டுத்துண்டுகளின் மூலமே பெருக்குகிறார்கள். விதையின் வழியாக யாரும் பயிரிடுவதில்லை. ஆகவே ஒரு கொடிக்காலில் உள்ள ஓர் இரகத்தின் செடிகள் அனைத்தும் மரபணு அளவில் ஒரே தாய்க்கொடியின் நகல்களாகவே இருக்கின்றன. வேதியியல் ஆய்வாளருக்கு இது பெரும் வசதி. ஏனெனில் இரகத்தின் பெயர் சரியாகத் தெரிந்தால், அந்த இலையின் வேதிக் கையொப்பத்தின் பெரும்பகுதி முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

அந்தப் பெயர்களை ஆய்வுக்கூடம் தர வேண்டியதில்லை. ஏலச் சந்தையே தருகிறது. வெள்ளைக்கொடி, கற்பூரி என்று இரகம் பிரித்து, அவற்றுக்குள்ளும் இளம்பயிர், முதியம்பயிர் என்று கொடிக்காலின் வயதைப் பிரித்து, நூறு இலை கொண்ட கவுளியாக அடுக்கி, 104 கவுளி கொண்ட சுமையாகக் கட்டி விலை பேசுகிறார்கள். இளம்பயிர் இலைக்கும் முதியம்பயிர் இலைக்கும் விலை வேறுபடுவது வழக்கம். நாவின் அனுபவத்தால் உருவான இந்த வகைப்பாடு வேதிப் பகுப்பாய்வின் முன்னும் நிலைத்து நிற்பதே இந்தப் பாதையில் கவனிக்கத் தக்க செய்தி. அதை ஏற்காமல் வெறுமனே 'வெற்றிலை' என்று மட்டும் குறித்து வெளியிடப்படும் ஆய்வு முடிவுகள், எண்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பெரும்பாலும் பயனற்றவை.

பரமத்திவேலூரிலிருந்து நாமக்கல் வரை நெடுஞ்சாலை. அங்கிருந்து சேந்தமங்கலம் வரை மரவள்ளிக் கிழங்குக் காடுகளும் கோழிப் பண்ணைகளும். காளப்பநாயக்கன்பட்டியை நெருங்கும்போது நிலத்தின் தன்மை மாறுகிறது. நீர் வாய்த்த அடிவாரத் தோட்டங்களில் தென்னையும் பாக்கும் தென்படுகின்றன. ஆற்றங்கரையிலிருந்து வந்த இலை, ஈரச்சாக்கின் அடியில் பெட்டிக்கடைகளில் காத்திருக்கிறது. தாம்பூலத்தின் மூன்று உறுப்புகளான இலையும் பாக்கும் சுண்ணாம்பும் ஒன்றுசேரும் இந்த இடத்திலேயே, எது எதைச் செய்கிறது என்பதைப் பிரித்தறிவது பொருத்தம்.

உலகில் மென்று சுவைக்கப்படும் ஊக்க இலைகள் என்றதும் அறிவியல் நூல்கள் முதலில் எடுத்துக்காட்டுவது இரண்டு. ஒன்று தென் அமெரிக்காவின் கோக்கா. அதன் இலையிலிருந்து 1860ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஆல்பர்ட் நீமன் கோக்கேனைப் பிரித்தெடுத்தார். மற்றொன்று ஏமனிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மெல்லப்படும் காத். அதன் முதன்மையான ஊக்கப் பொருளான கேத்தினோனை 1975ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் போதைப்பொருள் ஆய்வகம் அடையாளம் கண்டது. இவ்விரண்டிலும் ஊக்கம் தரும் ஆல்கலாய்டு, அதாவது நைட்ரஜனைக் கொண்ட காரத்தன்மையுள்ள தாவரச் சேர்மம், இலைக்குள்ளேயே இருக்கிறது. தாம்பூலத்தின் அமைப்பு வேறு. இதயத் துடிப்பையும் வியர்வையையும் விழிப்பையும் தூண்டும் அரெக்கோலின் பாக்கில் உள்ளது. அதை 1888ஆம் ஆண்டில் யான்ஸ் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் பிரித்துக் காட்டினார். சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையை உயர்த்தி, அந்த அரெக்கோலினை எளிதில் உறிஞ்சப்படும் வடிவத்துக்குக் கொண்டுவருவதோடு, அதன் ஒரு பகுதியை நீராற்பகுத்து அரெக்கைடின் என்னும் வேறொரு சேர்மமாகவும் மாற்றுகிறது. எச்சில் சிவப்பதும் பாக்கின் பாலிபீனால்கள் அந்தக் காரச் சூழலில் ஆக்சிஜனேற்றம் அடைவதால்தான். அப்படியானால் இலையின் பங்கு என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. இலை வெறும் உறை என்று கருதிவிடுவது பெரும் தவறு.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணைப்படி, பசிய வெற்றிலையின் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் நீர். 3 சதவீதம் அளவுக்குப் புரதம். நூறு கிராமில் 230 மில்லிகிராம் சுண்ணச்சத்து. இவற்றோடு டானின்களும், மாவுப்பொருளைச் சிதைக்கும் அமைலேசு நொதியும் உள்ளன. உணவுக்குப் பின் வெற்றிலை போடும் வழக்கத்துக்குச் செரிமானத்தைக் காரணம் காட்டும் மரபுக்கு இந்த நொதியையும் இலை தூண்டும் உமிழ்நீர்ப் பெருக்கையும் சான்றாகக் கொள்ளலாம். எனினும் இலையின் மணத்தையும் காரத்தையும் தீர்மானிப்பது இவற்றில் எதுவுமன்று. பசிய இலையின் எடையில் 0.08 முதல் 0.2 சதவீதம் வரை மட்டுமே உள்ள ஆவியாகும் எண்ணெய்தான். ஒரு கிலோ இலையை வடித்தால் ஓரிரண்டு கிராம் கிடைக்கும் இந்த எண்ணெய்க்காகவே வேதியியலாளர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்திருக்கிறார்கள்.

எண்ணெயை எடுக்கும் முறை எளியது. நறுக்கிய இலையை நீரோடு கொதிக்கவைத்தால், நீராவியோடு எண்ணெயும் ஆவியாக மேலேறி, குளிர்விக்கும் குழாயில் திரவமாகி, அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழலில் நீரிலிருந்து பிரிந்து நிற்கும். கிளெவெஞ்சர் என்பவர் 1928ஆம் ஆண்டில் வடிவமைத்ததும், இன்று தமிழகக் கல்லூரிகளின் வேதியியல் ஆய்வகங்களில் காணப்படுவதுமான கருவி இதற்கு உதவுகிறது. நறுமண எண்ணெய்கள் பெரும்பாலும் நீரின்மேல் மிதப்பவை. வெற்றிலை எண்ணெயோ அடர்த்தியில் நீருக்கு மிக அருகில் நிற்பது. பீனால்கள் மிகுந்தால் மூழ்கவும் கூடும். இலையின் இரகம் மாறும்போது எண்ணெய் மிதப்பதும் மூழ்குவதும்கூட மாறலாம் என்பதை அறியாத மாணவர், குழலின் அடியில் தங்கிய எண்ணெயைக் கவனிக்காமல் விளைச்சல் குறைவு என்று எழுதிவிட வாய்ப்புண்டு. எண்ணெயின் ஒரு துளியில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தால் தோன்றும் பச்சை அல்லது நீல நிறம், பீனால்கள் இருப்பதை உடனே அறிவித்துவிடும்.

அந்தப் பீனால்கள் யாவை என்பது முதலில் தெளிவானது 1889ஆம் ஆண்டில். ஜெர்மனியில் பெர்ட்ராமும் கில்டெமைஸ்டரும் வெற்றிலை எண்ணெயில் சாவிபெட்டாலைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் ஜாவா தீவின் வெற்றிலையை ஆராய்ந்த டச்சு வேதியியலாளர் ஐக்மன் சாவிக்காலைக் கண்டறிந்தார். இந்தச் சேர்மங்களின் அமைப்பைச் சற்று நின்று நோக்குவது வீணாகாது. வெற்றிலையின் சுவை வேறுபாடுகள் முழுவதும் அதில் அடங்கியிருக்கின்றன. ஆறு கரிம அணுக்கள் சேர்ந்த பென்சீன் வளையம் ஒன்றை எண்ணிக்கொண்டு, அதன் ஒரு முனையில் மூன்று கரிம அணுக்களைக் கொண்ட அல்லைல் என்னும் சிறு வாலை இணைக்க வேண்டும். வாலுக்கு நேர் எதிரே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த இணை, அமைந்தால் அது சாவிக்கால். அதன் அருகிலேயே இன்னொரு ஹைட்ராக்சில் சேர்ந்தால் ஹைட்ராக்சிசாவிக்கால். இந்த இரண்டில், எதிர்முனையில் உள்ளது அப்படியே இருக்க, அடுத்தது மெத்தில் தொகுதியைப் போர்த்திக்கொண்டால் யூஜினால்; இலவங்கத்தின் மணத்துக்கு உரியது இதுவே. மாறாக, எதிர்முனையில் உள்ளது மெத்திலைப் போர்த்து மற்றது வெறுமனே நின்றால் சாவிபெட்டால். இரண்டு ஆக்சிஜன்களையும் ஒரே கரிம அணு பாலம்போல் இணைத்தால் சாஃப்ரோல். சாவிக்காலின் ஒரே ஹைட்ராக்சிலை மெத்தில் மூடினால் எஸ்ட்ரகோல்; அதன் வாலிலுள்ள இரட்டைப் பிணைப்பு ஓரிடம் நகர்ந்தால் சோம்பின் இனிய மணம் தரும் அனெத்தோல். ஒரே வளையத்தில் ஓர் அணுத் தொகுதி இடம் மாறுவதாலேயே காரமும் இனிப்பும் மருந்து மணமும் பிறக்கின்றன என்பதைக் காட்ட வெற்றிலையைவிடச் சிறந்த பாடம் தமிழக மாணவர்களுக்கு வேறு கிடைப்பது அரிது. பாடநூல்கள் ஏனோ இதைப் பயன்படுத்துவதில்லை.

வாயில் உணரும் உறைப்பும் இவற்றின் செயலே. நரம்பு முனைகளில் கடுகின் காரத்தை உணரும் புரதவாயில் ஒன்று உண்டு; டி.ஆர்.பி.ஏ.1 என்று அழைக்கப்படும் அதை வெற்றிலையின் அல்லைல் பீனால்கள் தூண்டுவதை ஆய்வுகள் நிறுவியிருக்கின்றன. எனவே இலை தரும் விறுவிறுப்பு வாயின் நரம்புகளிலும் உமிழ்நீர்ச் சுரப்பிலும் தொடங்குகிறது. பாக்கு தருவது இரத்தத்தின் வழியாக உடல் முழுவதும் பரவுகிறது. தாம்பூலம் போடுபவர் இரண்டையும் ஒரே சுகமாக உணர்ந்தாலும், வேதியியல் அவற்றைப் பிரித்தே வைக்கிறது. மருத்துவமும் பிரித்தே வைக்க வேண்டும்.

இரகங்களுக்குத் திரும்பினால், லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1980களின் இறுதியில் செய்த பணி தனித்துக் குறிப்பிடத் தக்கது. பங்களா, தேசாவரி, கபூரி, மீட்டா, சாஞ்சி என்னும் ஐந்து இந்திய இரகங்களின் எண்ணெய்களை அவர்கள் வாயு நிறச்சாரல் பிரிகை முறையால், அதாவது ஆவியாக்கிய கலவையை நீண்ட மெல்லிய குழாய் வழியே செலுத்தி ஒவ்வொரு சேர்மமும் வெளிவரும் நேரத்தைக் கொண்டு பிரிக்கும் முறையால், ஒப்பிட்டனர். பங்களாவில் யூஜினால் ஓங்கி நின்றது. மீட்டாவில் அனெத்தோல் தென்பட்டது. கபூரி டெர்ப்பீன் வகைச் சேர்மங்களின் பக்கம் சாய்ந்தது. எண்ணெயைக் கொண்டே இரகத்தை அடையாளம் காணலாம் என்பது இதனால் உறுதிப்பட்டது. கொழும்பில் இலங்கையின் பொது இரகத்தை ஆராய்ந்தபோது, எண்ணெயில் பாதிக்கும் சற்று மேலாகச் சாஃப்ரோல் இருந்தது. பாக்கு நீரிணைக்கு இரு கரையிலும் ஒரே தமிழ்ப் பெயரால் வழங்கும் ஓர் இலை, வேதியியலில் இவ்வளவு விலகி நிற்க முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். யூஜினாலும் சாவிபெட்டாலும் ஒரே அணுக்களால் ஆனவை. இரண்டின் மூலக்கூறு எடையும் 164. மூலக்கூறுகளை உடைத்துத் துண்டுகளின் எடையை அளக்கும் நிறைநிரல் கருவியில் இரண்டும் ஏறத்தாழ ஒரே வடிவத்தையே காட்டுகின்றன; நிறச்சாரல் குழாயிலிருந்தும் அருகருகேதான் வெளிவருகின்றன. கருவியின் கணினி தரும் முதல் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளும் பழக்கம் இருக்கும் இடத்தில், ஒன்றின் பெயரில் மற்றொன்று பதிவாவது எளிது. தூய மாதிரிகளை அதே குழாயில் செலுத்தி வெளிவரும் நேரத்தை ஒப்பிட்ட பிறகே பெயரை எழுதுவது நேர்மையான வழி. மேலும், ஹைட்ராக்சிசாவிக்கால் நீரில் ஓரளவு கரைவதால், வடித்தெடுத்த எண்ணெயில் அது முழுமையாக வந்து சேர்வதில்லை; ஆல்கஹால் போன்ற கரைப்பானில் ஊறவைத்து எடுக்கும் சாற்றில்தான் அதன் உண்மையான அளவு தெரியும். எண்ணெயை மட்டும் ஆராய்ந்து வெற்றிலையை ஆராய்ந்துவிட்டதாகக் கூறுவது ஆகாது.

அந்த ஹைட்ராக்சிசாவிக்கால்தான் மருத்துவ ஆய்வின் கவனத்தை மிகவும் ஈர்த்திருக்கிறது. மும்பைப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த அமோன்கர், நாகபூஷண், பிடே முதலானோர், இந்தச் சேர்மம் மரபணு மாற்றங்களைத் தடுக்கும் ஆற்றல் கொண்டது என்று 1986ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையோ, புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றுநோய் விளைவிக்கும் என்று 1985ஆம் ஆண்டிலும், புகையிலை சேராத தாம்பூலமும் பாக்கும்கூட அவ்வாறே விளைவிக்கும் என்று 2004ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுதியிலும் தீர்ப்பளித்தது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. குற்றம் சாட்டப்பட்டது பாக்கும் அது சேர்ந்த கலவையும். ஆய்வகத்தில் நற்சான்று பெற்றது இலையின் ஒரு சேர்மம் மட்டுமே. இலையின் நற்பெயரைக் காட்டிப் பாக்கை விற்பதும், பாக்கின் தீமையைக் காட்டி இலையை ஒதுக்குவதும் ஒருசேரத் தவறானவை. வாய்ப்புற்றுநோய் எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்திருக்கும் ஒரு நாட்டில், இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துச் சொல்வது ஆய்வாளரின் கடமைகளுள் முதன்மையானது. சாஃப்ரோல் மிகுந்த இரகங்களுக்கு நற்சான்று வழங்குவதிலும் தயக்கம் வேண்டும். அதே முகமை சாஃப்ரோலைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது.

காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்தால் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் சாலை ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்துக்கு ஏறுகிறது. வளைவுகள் ஏற ஏற வெப்பம் குறைந்து, சில்வர் ஓக் மரங்களும் அவற்றைத் தழுவிய மிளகுக் கொடிகளும் காப்பிச் செடிகளும் சாலையின் இருபுறமும் நிறைகின்றன. மிளகின் இலை வெற்றிலையின் இலையைப் பெரிதும் ஒத்திருப்பதால், பழகாத கண்ணுக்கு வேறுபாடு உடனே புலப்படுவதில்லை. ஆனால் மிளகிலையை யாரும் மெல்வதில்லை. மிளகு தன் காரத்தைக் காயில் பைப்பரின் என்னும் ஆல்கலாய்டாகச் சேர்த்து வைக்கிறது. அதை டென்மார்க்கைச் சேர்ந்த எர்ஸ்டெட் 1819ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தார். மின்னோட்டத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை மறு ஆண்டில் வெளியிட்ட அறிஞர் அவரே. கொல்லிமலையில் பயிராகும் திப்பிலியின் கதிரிலும் வேரிலும் அதே பைப்பரின் உண்டு. அதனாலேயே சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் திரிகடுகத்தில் மிளகும் திப்பிலியும் ஒருங்கே இடம்பெற்றன என்று கொள்ளலாம். வெற்றிலையோ விதையைப் பேணும் தேவையிலிருந்து மனிதக் கையால் விடுவிக்கப்பட்டு, தண்டின் வழியாகவே வாழ்ந்து, தன் காப்பு வேதியியல் முழுவதையும் இலையிலேயே செலவிடுகிறது. பூச்சியையும் பூஞ்சையையும் விரட்ட அந்தக் கொடி உருவாக்கிய பீனால்களைத்தான் மனித நா சுவையாக ஏற்றுக்கொண்டது.

இந்த மலையின் தாவரங்களைத் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் இராபினாத் உலர்தாவரகத்தைச் சேர்ந்த அருட்தந்தை கே. எம். மேத்யூ தமது தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவரத் தொகுதியில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வேதியியல் ஆய்வுக்கு எடுக்கும் எந்த மாதிரியின் ஒரு கிளையையும் உலர்த்தி, எண்ணிட்டு, இத்தகைய உலர்தாவரகம் ஒன்றில் வைப்பது, பிற்கால ஆய்வாளர் அதே தாவரத்தைச் சரிபார்க்க வழி செய்யும். வெற்றிலைக்கு அந்த ஒரு கிளை போதாது. இரகத்தின் பெயர், கொடிக்காலின் வயது, இலை கொடியின் எந்தப் பகுதியில் கிள்ளப்பட்டது, கிள்ளிய நாள் ஆகியவையும் சீட்டில் இருக்க வேண்டும். இளைய இலையில் எண்ணெயும் அமைலேசும் சர்க்கரையும் கூடுதலாகவும் முதிர்ந்த இலையில் குறைவாகவும் இருப்பது அறியப்பட்ட உண்மை.

சோளக்காட்டுச் சந்தைக்கும் செம்மேட்டுக் கடைகளுக்கும் வெற்றிலை கீழிருந்துதான் ஏறி வருகிறது. அறப்பளீசுவரர் கோயில் அர்ச்சனைத் தட்டிலும் எட்டுக்கை அம்மன் படையலிலும் இடம்பெறும் இலை இந்த மலையின் மண்ணில் விளைந்ததன்று. கிள்ளப்பட்ட கணத்திலிருந்து இலை மாறிக்கொண்டே இருக்கிறது. ஆவியாகும் சேர்மங்கள் சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. விளிம்பு கசங்கிய இடங்களில் பீனால்களை ஆக்சிஜனேற்றும் நொதிகள் வேலை தொடங்கிப் பழுப்பு நிறம் படர்கிறது. ஈரச்சாக்கு இந்த மாற்றத்தைத் தாமதப்படுத்துகிறதே தவிர நிறுத்துவதில்லை. ஆகவே மலைவாழ் மக்கள் மெல்லும் வெற்றிலையின் வேதியியலை எழுத விரும்புபவர் பொத்தனூர்க் கொடிக்காலில் கிள்ளிய இலையை மட்டும் வடித்தால் போதாது; அதே நாளில் கிள்ளிய அதே கற்பூரியின் ஒரு கவுளியைக் காளப்பநாயக்கன்பட்டிக் கடையிலும் மற்றொன்றைச் செம்மேட்டிலும் விற்பனைக்கு வைத்திருந்து, விற்கும் நிலையில் எடுத்து, மூன்றையும் ஒரே கருவியில் ஒப்பிட வேண்டும்.